ஜூனேயிடம் போன ஏலியன்: நீங்கள் முதலில் பார்த்தபோது எப்படி இருந்தது?

விண்வெளியில் மனிதரை வேட்டையாடும் பிராணியைப் பற்றிய ‘ஏலியன்’ திகில் பட வரிசையில் நாலாவது படம், 1997-இல் வந்த ‘ரிசரெக்‌ஷன்’. பேச்செடுத்தாலே திட்டுகிறார்கள். எனக்குப் பிடிக்கும். இயக்குநர் ழான் பியர் ஜூனே யார் என்று தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் படித்தபோது ஒரு திரைப்படச் சங்கத்தில் அவரும் மார்க் கரோவும் சேர்ந்து எடுத்த ‘டெலிகடெசன்’ (1991) போட்டார்கள். உலகமே நாசமான பிறகு நடக்கும் கதை. கீழே கறிக்கடை, மேலே குடித்தனங்கள். அது என்ன கறி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு காட்சி: கட்டில் ஸ்பிரிங் கிரீச் கிரீச் என்கிறது. அதே தாளத்தில் ஒருத்தி செல்லோ வாசிக்கிறாள், ஒருவன் விட்டத்துக்கு பெயின்ட் அடிக்கிறான், இன்னொரு பக்கம் டயருக்குக் காற்றடிக்கிறார்கள். வேகம் ஏற ஏற மொத்தக் கட்டடமும் மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் இருந்தவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். இந்த மனுஷனிடமா அந்த எச்சில் ஒழுகும் பிராணியைக் கொடுத்தார்கள்!

அப்புறம் ஒரு நாள் கேபிள் டிவியில் நடுராத்திரி, விளம்பர இடைவேளைகளோடு ‘ரிசரெக்‌ஷன்’ பார்த்தேன். ஜூனேவுக்கு அப்போது ஆங்கிலம் சரியாக வராது, செட்டில் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் வேலை வாங்கினார். ஆனால் தன் ஆட்களைக் கூடவே கூட்டிப் போய்விட்டார். ஒளிப்பதிவுக்கு டாரியஸ் கோன்ஜி. நடிக்க தொமினிக் பினோன், ரான் பெர்ல்மன். அதனால் அமெரிக்க ஸ்டுடியோவில் எடுத்தும் பழுப்பும் பச்சையுமான அவருடைய பழைய வெளிச்சம் அப்படியே இருக்கிறது. முகத்தில் முட்டுகிற அளவுக்கு நெருங்கி வந்து நிற்கும் வைட் லென்ஸும் இருக்கிறது.

என்னை உலுக்கியது குளோன் அறை. மூன்றாம் படத்தில் செத்துப்போன கதாநாயகி ரிப்ளியை இருநூறு வருஷம் கழித்து ராணுவ விஞ்ஞானிகள் குளோன் செய்கிறார்கள். அவள் கையில் 8 என்று பச்சை குத்தியிருக்கும். ஒரு கதவில் 1–7 என்று பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். கண்ணாடிக் குழாய்களில் அவளே, பாதி மனுஷியும் பாதி பிராணியுமாக. ஏழாவது இன்னும் சாகவில்லை. கட்டிலில் கிடந்தபடி கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறது. ரிப்ளி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு வெளியே வர, பெர்ல்மனின் பாத்திரம் ‘இதுக்குப் போய் இவ்வளவு செலவா, பொம்பளைங்க சமாச்சாரம் போல’ என்கிற தோரணையில் ஒரு வரி விடுகிறது. தொண்டை அடைத்திருக்கும்போது இப்படிச் சிரிப்பு மூட்டுவது அடாவடி. எனக்கு அந்த அடாவடிதான் வேண்டியிருந்தது. குளோன் விஷயம் ஜாஸ் வீடன் எழுதிய திரைக்கதையில் இருப்பதுதான். ஆனால் ஜூனே 1995-இலேயே, ‘சிட்டி ஆஃப் லாஸ்ட் சில்ட்ரன்’ படத்தில், பினோன் முகத்தை வைத்தே ஒரு கூட்டம் குளோன்களை அலையவிட்டவர். சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

* * *

சரி, திட்டுகிறேன்.

நான் ஜேம்ஸ் கேமரூன் கட்சி. அவர் எடுத்த இரண்டாம் படத்தை (1986) பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூம் போக அண்ணனை எழுப்பியவன். பயம்தான் இந்த வரிசையின் மூலதனம். ‘ரிசரெக்‌ஷன்’ல் ஜெனரல் தன் பின்மண்டையில் கைவிட்டு, மூளைத் துணுக்கை எடுத்து, கண்முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு விழுகிறார். நாங்கள் நண்பர்கள் சேர்ந்து டிவிடியில் பார்த்தோம், எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். அதற்குப் பிறகு யாருக்குப் பயம் வரும்? கடைசியில் வருகிற அந்த மனிதக் கண் வைத்த குட்டி வேறு. ரிப்ளியை அம்மா என்று மூக்கை உரசுகிறது. பாவமாக இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. பயம் மட்டும் இல்லை. வீடனே தன் எழுத்தைப் படமாக்கிய விதம் பற்றிப் பலமுறை புலம்பியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடைபட்ட பிராணிகளில் இரண்டு சேர்ந்து மூன்றாவதைக் குதறுகின்றன. அதன் அமில ரத்தம் தரையைப் பொத்தலாக்க, அந்த வழியாகத் தப்புகின்றன. இதைவிடப் புத்திசாலித்தனமான ஜெயில் உடைப்பு இந்த வரிசையில் கிடையாது.

* * *

டிவிடி என்றதும் கூடைப்பந்து ஞாபகம் வந்துவிட்டது. ரிப்ளி பந்தைத் திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் எறிய, அது நேராகக் கூடைக்குள் விழுமே, அதைக் கிராபிக்ஸ் என்று எங்கள் ஹாஸ்டலில் பந்தயம் கட்டினார்கள். இல்லை. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் பயிற்சி எடுத்து, கேமரா ஓடும்போது நிஜமாகவே போட்டது. பெர்ல்மன் வியப்பில் தன் பாத்திரத்தையே மறந்து வாய்விட்டார், அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பந்து ஒரு கணம் சட்டகத்துக்கு மேலே போய்விடுகிறது. அதனால் நிஜமாகப் போட்டும் நம்ப ஆளில்லை. பந்தயத்தில் ஜெயித்த காசு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

* * *

நான் ‘அமேலி’ (2001) பார்த்து ஜூனேயைக் காதலித்துவிட்டு, அதே கையோடு இதைத் தேடிப் பார்த்தவள். கஃபேயில் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாரே, அந்தப் பினோன் இங்கே சக்கர நாற்காலியில், துப்பாக்கியைப் பாகம் பாகமாக நாற்காலிக்குள்ளேயே ஒளித்துக் கொண்டுவருகிறார்! அம்மாவிடம் ‘அமேலி எடுத்தவர் படம்தான்’ என்று சொல்லி உட்காரவைத்தேன். பிறகு ஒரு வாரம் என் சிபாரிசு எதுவும் வீட்டில் எடுபடவில்லை.

* * *

மூன்றாம் படத்தை இயக்கிய டேவிட் ஃபிஞ்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992-இல் வந்த அந்தப் படத்துக்குள் நுழைந்தபோது அவர் விளம்பரமும் இசை வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர், முதல் முழுநீளப் படமே அது. முழுத் திரைக்கதை கையில் இல்லாமலே படப்பிடிப்பு ஆரம்பித்துவிட்டார்கள், ஸ்டுடியோ விடாமல் குறுக்கிட்டது. இன்றுவரை அவர் அந்தப் படத்தைத் தன்னுடையது என்று சொல்வதில்லை. ஜூனே அப்படி இல்லை. 2003-இல் டிவிடிக்காக நீளமான பதிப்பு போட்டபோதுகூட, தியேட்டரில் வந்ததுதான் தன் பதிப்பு என்று சொல்லிவிட்டார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஒன்றில் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், மற்றதில் விளையாடுகிறார்.

2024-இல் இதே வரிசையில் வந்த ‘ரோமுலஸ்’ தியேட்டரில் பார்த்தேன். கடைசியில் மனிதமும் பிராணியும் கலந்த அந்த நெட்டை உருவம் எழுந்து நின்றதும் பின்வரிசையில் ஒருவர் ‘டேய், நாலாம் பார்ட்டுடா’ என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது.

* * *

திரியைத் தொடங்கியவன்தான். நீளப் பதிப்பா, தியேட்டர் பதிப்பா என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். ஜூனே சொன்னபடி தியேட்டர் பதிப்பையே பாருங்கள். நீளப் பதிப்பின் தொடக்கத்தை மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்கலாம்: திரை முழுக்கக் கோரப் பற்கள். மெல்லப் பின்வாங்கினால் அது ஒரு சின்னப் பூச்சி. காவலுக்கு இருக்கும் சிப்பாய் அதை நசுக்கி, ஸ்ட்ராவில் வைத்து, ஊஃப் என்று கண்ணாடியில் ஊதி ஒட்டுகிறான்.