குதிகால் வலிக்கு மசாஜ்: அழுத்த வேண்டிய இடம் குதிகாலா, கெண்டைக்காலா?

நின்றே பிழைப்பவன்:

ஐந்து மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது கண்ணாடிச் சில்லை மிதித்த மாதிரி சுருக்கென்று ஏறும், இருபது அடி நொண்டி நடந்த பிறகு தணியும், அப்புறம் மத்தியானம் வரை சமாளித்துவிடலாம், மாலையில் மறுபடி ஆரம்பிக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலை என்னுடையது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு பிளான்டர் ஃபேசியைடிஸ் என்றார். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் சின்னதாக ஒரு முள் தெரிகிறது. மாத்திரை சாப்பிடும் வரை கேட்கிறது, நிறுத்தினால் பழைய கதைதான்.

யாரோ சொன்னார்கள் என்று மசாஜ் செய்பவர் ஒருவரிடம் மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் வலிக்கிற இடத்திலேயே கட்டைவிரலை ஊன்றி, "உள்ளே ஒட்டிக் கிடக்கிறது, இதை உடைத்தால்தான் விடும்" என்று அழுத்தினார். உயிரே போய்விட்டது, இரண்டு நாள் காலை ஊன்ற முடியவில்லை. மூன்றாம் தடவை குதிகாலைத் தொடவே வேண்டாம் என்று கெஞ்சியதால் கெண்டைக்கால் சதையை மட்டும் அரை மணி நேரம் பிடித்துவிட்டார். மறுநாள் காலை முதல் அடி அவ்வளவு கொடுமையாக இல்லை!

வலி ஓரிடத்தில், பிடித்துவிட்டது வேறிடத்தில், எப்படிக் குறைந்தது? இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் என் மனப்பிரமையா? அந்த முள்ளை அழுத்தித் தேய்த்துக் கரைக்க முடியுமா?

பிசியோ அக்கா:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முள் கரையாது. அது எலும்பு. கையால் தேய்த்து எலும்பைக் கரைக்க முடியுமென்றால் மசாஜ் செய்பவரின் கட்டைவிரல்தான் முதலில் கரைந்திருக்கும். முள் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம், முள்ளே இல்லாமல் வலியில் துடிப்பவர்களும் உண்டு. அதை மறந்துவிடுங்கள்.

குதிகால் எலும்பின் அடியில், உள்பக்கமாகத் தொடங்கி விரல்கள் வரை விசிறி மாதிரி விரியும் தடித்த பட்டைதான் பிளான்டர் ஃபேசியா. பெயரில் 'ஐடிஸ்' இருப்பதால் அழற்சி என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 2003ல் லெமான்ட் குழுவினர், குதிகால் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சியின் அடையாளம் கிடைக்கவில்லை, நார்கள் நைந்து சிதைந்திருந்ததைத்தான் பார்த்தார்கள். நைந்துபோன இடத்தில் போய் முழு பலத்தோடு கட்டைவிரலை ஊன்றினால் இரண்டு நாள் நடக்க முடியாமல் போனதில் என்ன அதிசயம்?

"ஒட்டியிருப்பதை உடைக்கிறேன்" என்பதும் சரியில்லை. 2008ல் சௌத்ரி என்பவரின் குழு ஒரு கணித மாதிரி போட்டுப் பார்த்தது: இந்தப் பட்டையை வெறும் 1 சதவீதம் அமுக்கவோ நகர்த்தவோ வேண்டுமென்றாலும், கையால் தரக்கூடிய விசை போதாது. ஒவ்வொரு அடியிலும் உங்கள் முழு எடையைத் தாங்குகிற பட்டை அது, விரல் பட்டால் இளகிவிடுமா?

அப்படியென்றால் மசாஜே பொய்யா என்றால், இல்லை. கெண்டைக்கால் தசை, குதிகால் தசைநாண் (அகிலிஸ்) வழியாகக் குதிகால் எலும்பின் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது, பாதப்பட்டை அதே எலும்பை அடியிலிருந்து இழுக்கிறது. மேலே இறுக்கம் இருந்தால் கணுக்கால் முழுதாக மடங்காது, நடக்கும்போது அந்தப் பாரம் பாதப்பட்டைக்கு வருகிறது. 2011ல் ரெனான் ஓர்டினே குழுவினர் 60 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு நீட்சிப் பயிற்சி மட்டும், இன்னொரு குழு அதே நீட்சியோடு கெண்டைக்காலில் தொட்டால் வலிக்கும் முடிச்சுகளைக் கையால் அழுத்தி விடுதல். நான்கு வாரத்தில் இரண்டாம் குழுவுக்கு வலியும் நன்றாகக் குறைந்தது, அன்றாட வேலைகளும் எளிதாகின. கவனியுங்கள், அழுத்தியது கெண்டைக்காலில். ஆக உங்கள் அனுபவம் பிரமை இல்லை, நீங்கள் கெஞ்சியதுதான் சரியான சிகிச்சையாகப் போய்விட்டது!

எலும்பு, தசை சிகிச்சைக்கான அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டுதல், 2014லும் சரி 2023லும் சரி, கையால் செய்யும் சிகிச்சையை உறுதியாகவே பரிந்துரைக்கிறது. ஆனால் அதோடு நீட்சிப் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. வெறுமனே படுத்துக்கொண்டு பிடித்துவிட்டால் போதும் என்று அது சொல்லவில்லை.

எண்களை நம்பாதவன்:

அக்கா சொன்னதோடு பெரிதாகச் சண்டை இல்லை. இருந்தாலும் 'ஆராய்ச்சி சொல்கிறது' என்றதும் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டாம். 60 பேர், நான்கு வாரம், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

2009ல் கிளீலண்ட் குழுவின் ஆய்விலும் 60 பேர். கைச்சிகிச்சையோடு பயிற்சி ஒரு பக்கம், அல்ட்ராசவுண்ட் மாதிரியான கருவிகளோடு பயிற்சி மறுபக்கம். கைச்சிகிச்சைக் குழு முன்னேறியது, நடமாட்டத்தில் அந்த வித்தியாசம் ஆறு மாதம் வரை நின்றது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைச்சிகிச்சையில் தசையைப் பிசைவதும் இருந்தது, கணுக்கால், முட்டி, இடுப்பு மூட்டுகளை அசைத்துவிடுவதும் இருந்தது. இதில் எது வேலை செய்தது? யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, மாத்திரை ஆராய்ச்சியில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், மசாஜில் எப்படி ஏமாற்றுவது? ஒருவர் அரை மணி நேரம் அக்கறையாகக் காலைப் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் கொஞ்சம் நன்றாக இருக்காது. அதோடு இந்த வலி பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே அடங்குவது. ஐந்தாவது மாதம் மசாஜ் செய்தவருக்குப் பேர் கிடைக்கும், ஆறாவது மாதம் தைலம் போட்டவருக்குப் பேர் கிடைக்கும்.

2021ல் பிரிட்டனிலிருந்து மாரிஸி குழு எல்லா ஆய்வுகளையும் அலசி, நிபுணர்கள், நோயாளிகள் கருத்தையும் சேர்த்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முதல் கட்டமாக அவர்கள் சொன்னது மூன்றே விஷயம்: பாதப்பட்டையை நீட்டும் பயிற்சி, டேப் ஒட்டுவது, அவரவர் வேலைக்கும் உடலுக்கும் ஏற்ற ஆலோசனை. அந்த மூன்றில் மசாஜ் இல்லை. அதற்காக மசாஜ் கெட்டது என்று அர்த்தமில்லை, முதல் வரிசையில் உட்கார வைக்கிற அளவுக்குச் சான்று இல்லை என்று அர்த்தம்.

பந்து உருட்டி ஏமாந்தவள்:

என் கதையையும் கேளுங்கள், அப்புறம் குதிகாலில் கை வையுங்கள். எனக்கும் குதிகால் வலிதான். இணையத்தில் வீடியோ பார்த்து, கெட்டியான பந்தைக் காலடியில் போட்டு தினமும் இருபது நிமிடம் உருட்டினேன், வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். ஆறு வாரத்தில் செருப்பில்லாமல் தரையில் கால் வைக்க முடியாத நிலை. பிறகு ஒருவர் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்ததில், எனக்கு வலி இருந்தது குதிகாலின் நடுவில். உள்பக்க ஓரத்தில் இல்லை. காலையில் முதல் அடியில் பெரிய வலியும் கிடையாது, கெட்டித் தரையில் நின்றால்தான் வலி. குதிகாலுக்கு மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்புத் திண்டுதான் பிரச்சினை என்றார். ஏற்கெனவே நசுங்கிய மெத்தையை நான் இன்னும் நசுக்கிக்கொண்டிருந்தேன்! பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெத்தென்ற குதிகால் பேடும் வீட்டுக்குள்ளேயே செருப்பும் போட ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது.

குதிகால் வலி எல்லாம் ஒரே வலி இல்லை என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை, எனக்கு அதுதான் கோபம்.

பிசியோ அக்கா:

இதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும், நன்றி தங்கச்சி. எரிச்சல், மரத்துப்போவது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி என்றால் நரம்பு நசுங்கியிருக்கலாம். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அமுக்கினால் அலறுகிற வலி, அதுவும் ஓட்டத்தையோ நடையையோ திடீரென்று கூட்டிய பிறகு வந்தது என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் வாத நோய் டாக்டரைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் மசாஜ் பதில் இல்லை.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்திருந்தால் பிடித்துவிடவே கூடாது, ரத்தக்கட்டி இருக்கலாம், உடனே மருத்துவமனை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அழுத்தமான மசாஜையும் ஐஸ் பாட்டில் உருட்டுவதையும் தவிருங்கள், புண்ணானாலும் தெரியாது.

கைத்தொழில்காரன்:

நான் மசாஜ் தொழிலில் இருப்பவன், பல வருடமாக. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் ஒரு காலத்தில் "உடைக்கிறேன்" என்று சொல்லித்தான் அழுத்தினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார், வருகிறவர்களும் வலித்தால்தான் காசுக்கு வேலை நடந்தது என்று நம்பினார்கள். பெரும்பாலும் அவர்கள் திரும்பி வந்தார்கள், அதைப் பார்த்து நான் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டேன். சரியாகியிருந்தால் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது செய்வது வேறு. கவிழ்ந்து படுக்க வைத்து, கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி முதலில் லேசாக நீவி, சதை இளகிய பிறகு உள்பக்கக் கெண்டையில் விரலை மெதுவாக ஓட்டித் தேடுவேன். அழுத்தினால் "ஆமாம், அங்கேதான்" என்று அவர்களே சொல்கிற இடம் ஒன்றிரண்டு கிடைக்கும். பத்துக்கு நான்கைந்து என்று அவர்கள் சொல்லும் வலியில் நிறுத்தி, அது இரண்டாகக் குறையும் வரை பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், பொதுவாக ஒரு நிமிடம், சில சமயம் ஒன்றரை. குறையவில்லை என்றால் இன்னும் அழுத்த மாட்டேன், விட்டுவிட்டு வேறிடம் போவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ விரல்களை மடக்கினாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், வாயால் சொல்லாவிட்டாலும் கால் சொல்லிவிடும். பாதத்தில் வளைவுப் பகுதியை மட்டும் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக மெல்ல உருவி விடுவேன், வலிக்கும் புள்ளியை விட்டுவிட்டு. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் தப்பு என்னுடையது, 'நச்சு வெளியேறுகிறது' என்றெல்லாம் கதை சொல்வதில்லை.

வீட்டில் செய்ய: நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலின் கெண்டையை மற்றக் காலின் முழங்கால் மேல் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம், நானும் வேண்டாம்.

நின்றே பிழைப்பவன்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு வலி குதிகாலின் உள்பக்க ஓரத்தில்தான், முதல் அடியில்தான், மரத்துப்போவதெல்லாம் இல்லை. சரி, கெண்டைக்காலை நானே பிடித்துக்கொள்கிறேன். பயிற்சி என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எதை எத்தனை தடவை என்று யாரும் சொல்லவில்லையே?

பிசியோ அக்கா:

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மற்றத் தொடை மேல் போட்டு, கால்விரல்களை அடியில் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். மற்றக் கையால் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் போதுமான அளவு இழுக்கவில்லை. பத்து எண்ணும் வரை பிடித்து விட்டு, பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. 2003ல் டிஜியோவன்னி குழுவினர், பத்து மாதத்துக்கு மேல் வலியோடு இருந்த 101 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எட்டு வாரத்தில் இந்த நீட்சி குதிகால் தசைநாண் நீட்சியைவிட நன்றாக வேலை செய்தது. மசாஜ் செய்துகொண்ட உடனே இதைச் செய்தால் இன்னும் எளிதாக இருக்கும்.

ஓரிரு வாரம் கழித்து, படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, விரல்களுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, மூன்று எண்ணிக் குதிகாலைத் தூக்கி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில் ஆரம்பிக்கலாம். 2015ல் ரத்லெஃப் குழுவின் ஆய்வில் 48 பேர், மூன்றாவது மாதத்தில் இதைச் செய்தவர்கள் நீட்சி மட்டும் செய்தவர்களைவிட முந்தி இருந்தார்கள். எண்களை நம்பாதவன் எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், பன்னிரண்டாவது மாதத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

எண்களை நம்பாதவன்:

நான் ஒன்றும் சொல்லவில்லையே!

நின்றே பிழைப்பவன்:

ஏழு வாரம் ஆயிற்று, எழுதிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நீட்சியை ஒழுங்காகச் செய்தேன், படிப் பயிற்சியில் பாதி நாள் சோம்பேறித்தனம். ராத்திரி கெண்டைக்காலைப் பத்து நிமிடம் முழங்கால் மேல் வைத்து உருட்டுகிறேன். முதல் அடி வலி பத்துக்கு எட்டாக இருந்தது, இப்போது மூன்று. அதிக நேரம் நின்ற நாளில் மட்டும் ஐந்துக்குப் போகிறது. எது எவ்வளவு உதவியது என்று என்னைக் கேட்காதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் செய்தேன். பழைய மசாஜ்காரரிடமும் ஒரு தடவை போனேன், படுக்கும் முன்பே சொல்லிவிட்டேன், கணுக்காலுக்கு மேலேதான் என்று. கொஞ்சம் முறைத்தார், ஆனால் நன்றாகவே பிடித்துவிட்டார்.