சிறப்புப் படைகளை அருகிலிருந்து பார்த்தவர்கள்: செட்டிநாட்டு அனுபவப் பகிர்வு

காரைக்குடி, ஓய்வுபெற்ற சுபேதார்

செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளத்தை ஒட்டிய சாலையில் விடியற்காலையில் ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகும் பையன்கள், 1.6 கிலோமீட்டர் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பெரிதா, இங்கிலாந்து ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். பெரிதா, நம்முடைய பாராசூட் சிறப்புப் படையான பாரா எஸ்.எஃப். பெரிதா என்பதே அது. கைப்பேசியில் அவர்கள் பார்க்கும் ‘முதல் பத்துப் படைகள்’ பட்டியல்களில் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது. யார் எதை வைத்து அளந்தார் என்பது மட்டும் எதிலும் இல்லை.

நான் சிறப்புப் படையைச் சேர்ந்தவன் அல்லன். மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வுபெற்ற காலாட்படைக்காரன். ஆனால் பணிக்காலத்தில் மிசோரமின் வைரெங்டேயில் உள்ள, கிளர்ச்சி எதிர்ப்பு மற்றும் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளியில் சில காலம் பணியாற்றினேன். ‘கொரில்லாவோடு கொரில்லாவைப் போலவே போரிடு’ என்பது அந்தப் பள்ளியின் வாசகம். வெளிநாட்டுப் படையினரும் அங்கே வந்து பயில்வார்கள். அவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

அமெரிக்க வீரர்கள் சிலர் வந்திருந்த முதல் வாரத்தில் நான் பார்த்தது அவர்களுடைய துப்பாக்கிகளை அல்ல, பாதங்களை. மூங்கில் காடு, விடாத மழை, அட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த நாட்டுக் காலணியும் இரண்டு நாளில் தோற்றுவிடும். உடல்வலுவில் எங்களைவிட ஒரு சுற்று மிகுந்தவர்களாகவே இருந்தார்கள், ஆயினும் சுமை அதிகம், தண்ணீர்ச் செலவும் அதிகம். காஷ்மீரிலும் நாகாலாந்திலும் உண்மையான தேடுதல் பணியில் ஆண்டுக்கணக்கில் நடந்திருந்த எங்கள் ஜவான் ஒருவர், ஈர மண்ணில் இருந்த தடத்தைப் பார்த்து, அதில் போனவர் சுமையோடு போனாரா, வெறுங்கையோடு போனாரா என்று சொல்லுவார். நாய் குரைக்காத கிராமத்தில் நுழையாதே என்பார். அதை எந்த வகுப்பறையிலும் அவர் கற்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நம்மவரே உயர்ந்தவர் என்று பையன்கள் கைதட்டிவிடுவார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அமெரிக்கர்கள் வட்டமாக உட்கார்ந்து நடந்ததை அலசுவார்கள். ஒரு மாலை, அவர்களுடைய சார்ஜென்ட் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் தம் கேப்டனைப் பார்த்து, ஓடையைக் கடந்த இடத்தில் நீங்கள் எடுத்த முடிவு தவறு, உண்மைப் போராக இருந்தால் இருவரை இழந்திருப்போம் என்று நேராகச் சொன்னார். கேப்டன் முகம் சுளிக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அதே தவறைக் கவனித்த ஹவில்தார் ஒருவர் அப்போது வாய் திறக்க மாட்டார். இரவு தேநீரின்போது, சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையில் நிற்கும் என் போன்ற ஜே.சி.ஓ. ஒருவரிடம் சொல்வார், நாங்கள் மறுநாள் பக்குவமாக அதிகாரி சாஹிபின் காதில் போடுவோம். செய்தி போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் சுற்றிப் போகும்.

மருத்துவத்திலும் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புப் படையில் ஓர் அணி என்பது 12 பேர். அதில் மருத்துவச் சார்ஜென்டுகள் மட்டும் இருவர், ஆயுதம், பொறியியல், தகவல் தொடர்பு ஒவ்வொன்றுக்கும் இருவர் இருவராகவே வைத்திருக்கிறார்கள். ஒருவர் வீழ்ந்தாலும் அந்தத் தொழில் அணியைவிட்டுப் போகாது. அந்த மருத்துவச் சார்ஜென்ட் மருத்துவர் எட்டாத இடத்தில் நாள்கணக்கில் காயம்பட்ட ஒருவரைக் காப்பாற்றி வைக்கும் அளவுக்குப் பயின்றவர்.

இந்த வட்டாரத்தில் வேறு நாட்டுப் படையினரை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். படித்ததையும் கேட்டதையும் எழுதினாலும் சரி, எது எது என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

சிங்கப்பூர், பூர்வீகம் தேவகோட்டை

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன், முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் திருமணங்களுக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவன். எங்களுக்கு ராணுவம் என்பது விரும்பிச் சேரும் வேலை அன்று. பதினெட்டு வயதை ஒட்டி ஒவ்வோர் ஆண்மகனும் இரண்டு ஆண்டுகள் முழுநேரத் தேசிய சேவை செய்தாக வேண்டும். அணிவகுப்புக் கட்டளைகள் மலாய் மொழியில் இருக்கும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசிய எனக்கு, ‘செடியா’ (நேராக நில்) என்றதும் உடல் தானாக விறைத்து நிற்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

நான் சாதாரண காலாட்படையில் இருந்தேன். என் பள்ளித்தோழன் கமாண்டோவுக்குத் தேர்வானான். சிவப்புத் தொப்பியைப் பெறுவதற்கு அவர்கள் 72 கிலோமீட்டர் நடைப்பயணத்தை முடிக்க வேண்டும். அதை முடித்த வார இறுதியில் அவனைச் சந்தித்தபோது, சாலை மேம்பாலத்தின் படிகளில் அவன் பின்னோக்கித் திரும்பி இறங்கினான். முன்னோக்கி இறங்கினால் தொடைத் தசை ஒத்துழைக்கவில்லையாம். இரண்டு ஆண்டு முடிந்ததும் அவன் கணக்காளராகப் போய்விட்டான்.

அதே ஊரில் முற்றிலும் வேறான ஒரு வார்ப்பையும் பார்த்திருக்கிறேன். 1949இல் தொடங்கப்பட்ட, நேபாள வீரர்களைக் கொண்ட கூர்க்கா பிரிவு சிங்கப்பூர்க் காவல்துறையின் கீழ் இயங்குகிறது. மவுண்ட் வெர்னன் பகுதியில் அவர்கள் கூட்டமாக ஓடும்போது காலடி ஓசை ஒரே ஆள் ஓடுவதுபோல் கேட்கும். நேபாளத்தில் நடக்கும் கூர்க்கா தேர்வில் 25 கிலோ மணல் நிரப்பிய டோக்கோ கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் 5 கிலோமீட்டர் ஏற வேண்டும் என்பது படித்து அறிந்தது. என் தோழனுக்குப் படை வாழ்க்கையின் ஒரு கட்டம். அவர்களுக்கோ அதுவே வாழ்க்கை, பின்னால் ஒரு மலைக்கிராமமே அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கிறது. இருவரையும் ஒரே தராசில் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1991 மார்ச் 26 அன்று கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த எஸ்.க்யூ. 117 விமானம் கடத்தப்பட்டது. மறுநாள் விடியுமுன் சிங்கப்பூர் கமாண்டோக்கள் உள்ளே புகுந்து, ஏறத்தாழ 30 விநாடிகளில் கடத்தல்காரர்கள் நால்வரையும் வீழ்த்தினார்கள். பயணிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. அப்பச்சி காலையில் வானொலியைத் திருப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. போரையே காணாத ஒரு சிறு நாட்டின் படை, திரும்பத் திரும்பச் செய்த ஒத்திகையின் வலுவால் மட்டும் அதைச் சாதித்தது. அனுபவம் இல்லாத இடத்தை ஒத்திகை ஓரளவு நிரப்பும் என்றே நான் நினைக்கிறேன்.

புதுவயல்

இது நான் பார்த்தது அன்று, எங்கள் ஐயா சொல்லக் கேட்டது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அவசரநிலை நடந்த 1948 முதல் 1960 வரையான காலத்தில் அவர் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் காட்டுக்குள் இருந்துவிட்டுத் தாடியும் புண்ணுமாக வெளியே வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு முன்னால், உடலெங்கும் பச்சை குத்திய குள்ளமான மனிதர்கள் சத்தமில்லாமல் நடந்து வருவார்களாம். துரைமாருக்குக் காட்டில் வழி காட்டியவர்கள் அவர்கள்தாம் என்பார் ஐயா.

பின்னாளில் படித்தபோதுதான் அந்த மனிதர்கள் போர்னியோ தீவின் சரவாக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட, இபான் பழங்குடியைச் சேர்ந்த தடம்பார்ப்பவர்கள் என்று விளங்கியது. 1941இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டேவிட் ஸ்டர்லிங் தொடங்கிய எஸ்.ஏ.எஸ்., இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலைக்கப்பட்டுவிட்டது. 1950இல் மைக் கால்வெர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மலாயாவில் திரட்டிய ‘மலாயன் ஸ்கவுட்ஸ்’ படைதான் 1952இல் 22ஆவது எஸ்.ஏ.எஸ். ஆயிற்று. தொடக்கத்தில் அவர்கள் ஒன்றும் பெரிய கெட்டிக்காரர்கள் அல்லர். பாராசூட்டில் மர உச்சிகளின்மேல் குதித்து, கயிற்றில் இறங்குவது என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். கை கால் முறிந்தவர்கள் மிகுந்ததால் பிறகு அதைக் கைவிட்டார்கள். காட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அங்கேயே வாழ்ந்த மக்கள்.

அங்கிருந்து அந்தக் கல்வி வேறு எங்கெல்லாம் போயிற்று என்று பாருங்கள். 1962இல் எஸ்.ஏ.எஸ்.ஸுடன் பணியாற்ற வந்த சார்லஸ் பெக்வித் என்ற அமெரிக்க அதிகாரி, 1977இல் தம் நாட்டில் டெல்டா என்ற சிறப்புப் படையை அந்தச் சாயலில் அமைத்தார். மலேசியக் காவல்துறையின் வாட் 69 என்ற சிறப்புப் பிரிவு எஸ்.ஏ.எஸ்.ஸிடம் பயின்றது. நம் தேசியப் பாதுகாப்புப் படையை 1984இல் அமைத்தபோதும் எஸ்.ஏ.எஸ்.ஸையும் ஜெர்மனியின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவான ஜி.எஸ்.ஜி. 9ஐயும் முன்மாதிரியாகப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் படைகளுக்குள்ளும் கொடுக்கல் வாங்கல் உண்டு. பேரேட்டைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பெரிய படைகளுக்கெல்லாம் கடன் கொடுத்தவர்கள் பக்கத்தில் இபான்களின் பெயர் இருக்கும். எந்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

என் மகன் காலாட்படையில் இருக்கிறான். பாரா எஸ்.எஃப். தகுதிகாண் பயிற்சிக்குத் தானாக விருப்பம் எழுதிக் கொடுத்துப் போனான், பாதியில் தன் பழைய பட்டாலியனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டான். உறவுக்காரர்கள் ‘பெயிலாகிவிட்டானா ஆச்சி?’ என்று கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு அந்தச் சொல் அன்று ஏனோ மிகவும் சிறியதாகத் தெரிந்தது.

விடுமுறைக்கு வந்தபோது இரண்டு கால்களிலும் பெருவிரல் நகங்கள் கறுத்து எழும்பியிருந்தன. வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார வைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்தேன். கேட்டால் சொல்ல மாட்டான், நான் வேறு வேலையாக இருக்கும்போது துண்டு துண்டாகச் சொல்லுவான். தூக்கமும் சோறும் இல்லாமல் 36 மணி நேரம் தொடர்ந்து நடத்தும் கட்டம் ஒன்று உண்டாம், 100 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றும் உண்டாம். அவனை வீழ்த்தியது ஓட்டம் இல்லை. விடிய விடிய அலைக்கழித்துவிட்டு, வழியில் பார்த்த பொருள்களை வரிசைப்படி சொல்லச் சொன்னார்களாம். ‘கால் தாக்குப்பிடித்தது ஆத்தா, தலைதான் ஓடாமல் நின்றுவிட்டது’ என்றான்.

அதற்குப் பிறகுதான் நான் மற்ற நாடுகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மகனுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேர்கிறதா என்று அறிய வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் சீல் பயிற்சி கொரோனாடோ கடற்கரையில் 24 வாரங்கள் நடக்கிறது. அதில் ‘நரக வாரம்’ என்று ஒன்று, ஐந்தரை நாள்களுக்கும் சேர்த்து நான்கு மணி நேரம்தான் தூக்கம். விலக நினைப்பவர் எல்லோரும் பார்க்க மணியை மூன்று முறை அடித்துவிட்டுத் தலைக்கவசத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எஸ்.ஏ.எஸ். தேர்வில் வேல்ஸ் நாட்டு பிரெக்கன் மலைகளில் தனியாக நடக்க விடுகிறார்கள், கடைசி நடை ஏறத்தாழ 64 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பயிற்சியாளர்கள் திட்டுவதும் இல்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை என்கிறார்கள். வகுப்பில் கத்துகிற ஆசிரியரைவிட, ஒன்றும் சொல்லாமல் பின்வரிசையில் நின்று பார்க்கிற ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் அதிகம் நடுங்குவார்கள். இந்த மூன்றில் எனக்கு அதுவே கொடியதாகப் படுகிறது. மகனோ மணி அடிப்பதுதான் கொடுமை என்கிறான்.

அதே பிரெக்கன் மலையில் 2013 ஜூலையில் கடும் வெயிலில் தேர்வு நடையில் இறங்கிய இருப்புப் படை வீரர்கள் மூவர் இறந்துபோனார்கள். போரில் இல்லை, தேர்வில். அதைப் படித்த அன்று, திருப்பி அனுப்பிய அந்த முகம் தெரியாத பயிற்சியாளருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். ஒருவனை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கண்ணும் பயிற்சித் திறன்தானே, சுபேதார் ஐயா? அதை ஏன் எவரும் ஒப்பிடுவதில்லை?

காரைக்குடி, ஓய்வுபெற்ற சுபேதார்

ஆச்சி, நீங்கள் கேட்டது நியாயம். பெரும்பாலும் திரும்பி வருகிறவர்கள்தாம் அதிகம், எந்த நாட்டிலும். அப்படித் திரும்பி வந்தவர்கள் எங்கள் பட்டாலியனிலும் இருந்தார்கள். இரவு ரோந்துக்கு ஆள் பொறுக்கும்போது நான் முதலில் அவர்களைத்தான் பார்ப்பேன்.

பட்டியல்காரர்களுக்கு இன்னொன்று. வேல்ஸில் 1959 முதல் கேம்பிரியன் ரோந்து என்ற பயிற்சியைப் பிரிட்டிஷ் ராணுவம் நடத்துகிறது. பல நாட்டு அணிகளும் 48 மணி நேரம் மழையிலும் சேற்றிலும் சுமையோடு நடந்து, இடையிடையே பணிகளையும் முடிக்க வேண்டும். 2021இல் நம் 5ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் 4ஆவது பட்டாலியன் அதில் தங்கம் வாங்கியது. செய்தி வந்ததும் இந்தியா உலகில் முதலிடம் என்று பையன்கள் குதித்தார்கள். அங்கே முதலிடம் என்று ஒன்று கிடையாது. குறிப்பிட்ட தரத்தை எட்டிய எல்லா அணிகளுக்கும் தங்கம் உண்டு. படைகளை ஒப்பிடுவதற்கென்றே கூடும் இடத்திலும் அவர்கள் ஒருவரை ஒருவரோடு அளக்கவில்லை, தரத்தோடுதான் அளக்கிறார்கள்.

தேர்ந்த ஆள் இருந்தும் கெட்ட காரியங்கள் உண்டு. ஈரானில் பிணையாக இருந்தவர்களை மீட்க 1980 ஏப்ரலில் டெல்டா போனபோது, பாலைவனப் புழுதியும் பழுதான ஹெலிகாப்டர்களும் காரியத்தைக் கெடுத்தன, எதிரியைப் பார்க்காமலே எட்டுப் பேர் இறந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நம் படை இறங்கியதைப் பற்றி நம் ஊரில் பேசுவது எளிதன்று, ஆனாலும் சொல்கிறேன். 10ஆவது பாரா கமாண்டோவுடன் இறக்கப்பட்ட 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் முப்பது பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். அவர்கள் பயிற்சியில் குறைந்தவர்கள் அல்லர். எதிர்த்தரப்பு முன்கூட்டியே அறிந்து காத்திருந்தது, அனுப்பியவர்களுக்கு அது தெரியவில்லை.

ஆச்சி, உங்கள் மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது காலை ஐந்து மணிக்கு ஓடுதளச் சாலைக்கு அனுப்பிவையுங்கள். நீண்ட நடைக்கு முன் கால் நகத்தை எப்படி வெட்ட வேண்டும், ஈரக் காலுறையை எப்போது மாற்ற வேண்டும் என்று பையன்களுக்கு அவர் காட்டட்டும். நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.