புதுப்பிப்பு: மகளின் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது

வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்ற என் தோழி, எங்கள் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் மகளுக்கு ஞானத்தாயாக (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்பவராக) நிற்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிற்கலாம். அவளுடைய ஞானஸ்நானம் தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்றதா என்று மட்டும் குருவானவர் கேட்டார். ஒருமுறை பெற்றதைத் திரும்பப் பெற வேண்டியதில்லையாம். ஆங்கிலிக்கன் ஆராதனை முறைகளைத் தரும் 1662 ஜெபப் புத்தகத்தின்படி பெண் குழந்தைக்கு இரண்டு ஞானத்தாய்கள், ஒரு ஞானத்தகப்பன். அதனால் அக்காவும் நின்றாள்.

அப்புறம், தனிச் சடங்காக வைக்காமல் ஞாயிறு ஆராதனையில், இரண்டாம் வேதபாடம் வாசித்ததும் கொடுத்தார்கள். அதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. சபை முழுவதும் அவளுக்காக ஜெபித்தது. தண்ணீர் பட்டபோது சிணுங்கியவள், நெற்றியில் சிலுவை வரைந்த குருவானவரின் ஈர விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.