கட்டளை சரிதான், பைப் அடைத்துக்கொண்டது

நிறைய வீடியோக்களை வரிசையாக மாற்றித் தர ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பாப்பன் (வேறு நிரலை ஓட்ட பைதானின் சப்ப்ராசஸ் தொகுப்பு தரும் வழி) மூலம் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலை ஓட்டும், அதன் எஸ்டிடிஎரருக்கு (பிழை, நிலைச் செய்திகள் வெளிவரும் வழி) ஒரு பைப் (ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்) கொடுக்கும், வெயிட் போட்டு அது முடியும்வரை காத்திருக்கும். சின்ன வீடியோ என்றால் பிரச்சினையே இல்லை. நீளமான வீடியோ வந்தால் பாதியில் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தியும் கிடையாது. அதே கட்டளையை டெர்மினலில் கையால் அடித்தால் ஓடி முடிகிறது! மெமரி போதவில்லையோ, ஃபைல் கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் அலைந்தேன்.

கடைசியில், ஓடும் நிரல்களைக் காட்டும் டாப்பில் பார்த்தால் எஃப்எஃப்எம்பெக்கின் சிபியு 0%. எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. நிரல் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸை அதில் மாட்டியதும் ஒரே ஒரு வரி: எஸ்டிடிஎரரில் எழுதப் போய் நிற்கிறது. லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 64 கேபிதான் கொள்ளும். எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை எல்லாம் எஸ்டிடிஎரரில்தான் கொட்டும். பைப் நிரம்பியதும் யாராவது படிக்கட்டும் என்று அது நிற்க, அது முடியட்டும் என்று என் ஸ்கிரிப்ட் நிற்க, விடியும்வரை இதே கதை. வெயிட்டை எடுத்துவிட்டு, பைப்பைப் படித்துக்கொண்டே காத்திருக்கும் கம்யூனிகேட் போட்டேன், சரியாகிவிட்டது. சப்ப்ராசஸ் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. படித்திருந்தால்தானே.

*

உங்களுடையது நின்றதால் தெரிந்தது. என்னுடையது நிற்கவே இல்லை, அதுதான் வினை. பேக்கப்புக்காக டேட்டாபேஸ் டம்ப்பை (முழு நகலை) சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்கு பைப் செய்து, பைதானில் ஷெல் ட்ரூ (கட்டளையை ஷெல் வழியே ஓட்டு), செக் ட்ரூ (தோற்றால் பிழை எழுப்பு) என்று எழுதியிருந்தேன். தினமும் ரிட்டர்ன் கோட் 0, அதாவது வெற்றி. ஒரு நாள் தேவைப்பட்டு எடுத்துப் பார்த்தால் ஃபைல் வெறும் 20 பைட்! பாஸ்வேர்டை மாற்றியதில் டம்ப் தோற்றுப்போயிருக்கிறது. ஷெல்லோ பைப்பின் கடைசிக் கட்டளை என்ன சொல்கிறதோ அதைத்தான் தரும். ஜிஜிப் வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி வைத்துவிட்டு 0 சொல்லியிருக்கிறது. பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் சேர்த்தால் 'இல்லீகல் ஆப்ஷன்' என்றது. ஷெல் ட்ரூ கூப்பிடுவது எஸ்எச்சை; உபுண்டுவில் அது நாம் டெர்மினலில் பயன்படுத்தும் பாஷ் இல்லை, டேஷ் என்ற வேறு ஷெல். எந்த ஷெல் என்று சொல்லும் எக்ஸிகியூட்டபிளாக பாஷின் பாதையைக் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

*

எனக்கு வந்த ரிட்டர்ன் கோட் 127. கையால் ஓட்டினால் ஓடும், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் மட்டும் கட்டளையே இல்லை என்னும். கிரானுக்குக் கிடைக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது, நம் ஷெல் அமைப்புகளை அது படிப்பதில்லை. இப்போதெல்லாம் முழுப் பாதையையே எழுதிவிடுகிறேன்.

*

20 பைட்டா? நானும் ஜிஜிப் பைப்தான் வைத்திருக்கிறேன். இருங்கள், என் பேக்கப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.