ரிட்டர்ன் பீரியட்: ‘மீள்வருகைக் காலம்’ வேண்டாமே

ஐயா, வணக்கம்.

காலநிலை மாற்றத்தையும் பாலங்களையும் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் போட்ட தமிழ்ப் பட்டியலைப் பார்த்தேன். அடாப்டேஷனுக்குத் ‘தகவமைப்பு’ என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ‘தழுவல்’ என்றால் நாடகம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் ஒட்டகத்தைப் பற்றிப் படித்தபோது வந்த சொல்லே பாலத்துக்கும் போதும். என் தகராறு பட்டியலில் அடுத்து இருக்கும் ரிட்டர்ன் பீரியடோடு. இந்த அளவு வெள்ளம் சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று பொறியாளர்கள் சொல்லும் கணக்கு அது. ‘மீள்வருகைக் காலம்’ என்று போட்டிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் பாலம் கட்டுகிறவரை அது தப்பான இடத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

நூறாண்டு வெள்ளம் என்பது நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவதல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் அந்த அளவை எட்டவோ தாண்டவோ 1 விழுக்காடு நிகழ்தகவு, அவ்வளவுதான். போன வருடம் வந்துவிட்டது என்பதற்காக இந்த வருடம் அதற்கு விடுமுறை கிடையாது. 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கு ஏறத்தாழ 26 விழுக்காடு; பாலம் 100 ஆண்டு நிற்கும் என்றால் 63. ஆங்கிலச் சொல்லே இதை மறைக்கிறது. தமிழில் இன்னும் மோசம், ஏனென்றால் நமக்கு ஆண்டுகள் உண்மையிலேயே திரும்பி வருகின்றன. 1876-இல் பஞ்சத்துக்குப் பெயர் கொடுத்த தாது வருடம் 1936-இலும் வந்தது, 1996-இலும் வந்தது. ‘மீள்வருகை’ என்றதும் நம் காதில் அந்த அறுபதாண்டுச் சுற்றுதான் விழும்.

தாமிரபரணியில் 1992 நவம்பரில் பெருவெள்ளம். அப்புறம் 2023 டிசம்பர்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போக, திருச்செந்தூர்–சென்னை ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. இடையில் 31 வருடம். ‘சரி, இனி முப்பது வருடத்துக்குக் கவலையில்லை’ என்று யாராவது ஒரு தரைப்பாலத்தின் உயரத்தை முடிவு செய்தால்?

காலநிலை மாற்றம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பழைய மழைப் பதிவேட்டை வைத்துப் போட்ட கணக்கு அப்படியே நிற்காது. ‘1 விழுக்காடாக இருந்தது 2 ஆகிவிட்டது’ என்றால் யாருக்கும் புரியும். ‘நூறாண்டு வெள்ளம் ஐம்பதாண்டு வெள்ளமாகிவிட்டது’ என்றால் விடுகதை. ஆஸ்திரேலியாவின் வெள்ளக் கணக்கு வழிகாட்டியே விழுக்காட்டுப் பேச்சுக்கு மாறிவிட்டது.

என் முன்மொழிவு ‘ஆண்டு மிஞ்சுதகவு’: எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் ஓர் அளவை எட்டவோ மிஞ்சவோ உள்ள நிகழ்தகவு. நிகழ்தகவு பள்ளிக் கணக்கிலேயே பழகிய சொல். இது அதன் வாலைப் பிடித்து வருவது. முதலில் ‘மிஞ்சுவாய்ப்பு’ என்றுதான் எழுதினேன். வெள்ளம் யாருக்கு வாய்ப்பு, கான்ட்ராக்டருக்கா என்று வீட்டில் கேட்டார்கள், விட்டுவிட்டேன். ‘மீறுதகவு’வும் சரிப்படவில்லை. மீறுவதென்றால் ஒப்புக்கொண்ட ஒன்றை மீற வேண்டும். ஆறு எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. பேச்சு வழக்குக்கு ‘நூற்றிலொரு வெள்ளம்’ என்று யோசித்தேன். நூறு வெள்ளத்தில் ஒன்று என்று படிக்கவும் அதில் இடமிருக்கிறது. இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். ‘இப்பாலத்தின் வடிவமைப்பு வெள்ளத்துக்கு (எந்த வெள்ளத்தைத் தாங்கக் கட்டினார்களோ அதற்கு) ஆண்டு மிஞ்சுதகவு 2 விழுக்காடு’ என்று எழுதிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார். “அம்பது சீட்டு, அதுல ஒண்ணு வெள்ளச் சீட்டு. பானையில போட்டு வருசா வருசம் ஒண்ணு எடுக்கிறாங்க, எடுத்ததைத் திரும்பவும் உள்ளயே போட்டுடறாங்க. அதானே?” அதேதான். காலநிலை மாற்றத்தை எப்படிச் சொல்வீர்கள் என்றேன். “பானைக்குள்ள வெள்ளச் சீட்டு இன்னொண்ணைச் சேர்த்துட்டாங்க.”

பட்டியலில் புயல் காற்றின் வேகத்துக்கும் கடல் எழுச்சிக்கும் இதே ரிட்டர்ன் பீரியட் வருகிறது. அந்த இரண்டு இடத்திலும் மிஞ்சுதகவையே போட்டுவிடலாமா?