முதல் லேப்டாப்: மிச்சப் பணம் ராமுக்கா, திரைக்கா?

மகேஷ், அல்சூர்

வணக்கம். தங்கை இந்த வருடம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். பெங்களூரில் கெங்கேரி பக்கம் கல்லூரி, தினமும் அல்சூரிலிருந்து மெட்ரோவில் போய் வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் லேப்டாப். 65,000 ரூபாய், அதற்கு மேல் வழியில்லை.

ஒரு கம்பெனியின் தளத்தில் பாகங்களை நாமே தேர்ந்தெடுத்து ஆர்டர் போடலாம். அடிப்படையாக வருவது இன்டெல் ஐ5-1335யூ ப்ராசஸர், 8 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக மெமரி), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), 14 இன்ச் முழு ஹெச்டி திரை (வெளிச்சம் 250 நிட்ஸ், நிற அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி). அது போக மிஞ்சும் பணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கூட்ட முடியும். ராமை 16 ஆக்கலாம், இல்லையென்றால் திரையை 300 நிட்ஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) ஆக்கலாம், இல்லையென்றால் எஸ்எஸ்டியை 1 டிபி ஆக்கலாம். இதே பணத்துக்கு வேறொரு கம்பெனியில் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷினும் இருக்கிறது, அதிலும் 8 ஜிபிதான். ஞாயிறு இரவோடு சலுகை முடிகிறது. எதை எடுப்பது?

செந்தில், எஸ்.பி. ரோடு

தம்பி, திரையை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

நான் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைத்தெருவில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவன். ஆர்டர் போடும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இந்தப் பாகத்தைப் பிறகு மாற்ற முடியுமா? ப்ராசஸர் போர்டோடு ஒட்டியது, முடியாது. திரையை மாற்றலாம், ஆனால் அதே மாடலுக்குப் பொருந்தும் பேனல் கிடைக்க வேண்டும், கேபிள் ஒத்துப்போக வேண்டும், செலவைக் கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ராமும் எஸ்எஸ்டியும் அப்படியில்லை. அடிமூடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓரத்தில் பிளாஸ்டிக் கார்டை நுழைத்து நெம்பினால் மூடி வந்துவிடும். ராம் ஸ்லாட்டின் இரண்டு பக்கமும் சின்ன உலோகக் கொக்கிகள் இருக்கும். புது ராமைச் சாய்வாகச் செருகி, மேலிருந்து அழுத்தினால் அந்தக் கொக்கிகள் கடிக்கும் சத்தம் கேட்கும். வேலை முடிந்தது.

45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருக்கிறார்களே, அது எஸ்ஆர்ஜிபி அளவில் பார்த்தால் சுமார் 60 சதவீதம்தான். சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும், எல்லாமே வெளிறி இருக்கும். 250 நிட்ஸை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், முகம்தான் தெரியும். நான்கு வருடம் அந்தப் பெண் பார்க்கப் போவது ராமை அல்ல, திரையை.

எஸ்எஸ்டிக்கு 512 போதும். 1 டிபியை மறந்துவிடுங்கள்.

பானுமதி, வைட்ஃபீல்ட்

செந்தில் அண்ணா சொல்வதில் எஸ்எஸ்டி விஷயம் மட்டும் சரி. மற்றதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், "ராமைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்பது எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ஸ்லாட்டே கிடையாது. விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று இருந்தால் பெரும்பாலும் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசி வரை. மகேஷ், அந்த மாடலில் எது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவது, 8 ஜிபி இன்றைக்கே இறுக்கம். விண்டோஸ் 11 சும்மா நிற்கும்போதே 3 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. குரோமில் பத்து டேப், ஒரு ஆன்லைன் வகுப்பு, கோடு எழுதும் விஎஸ் கோட் என்று திறந்தால் மிச்சமும் போய்விடும். அப்புறம் விண்டோஸ் எஸ்எஸ்டியை ராம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கும். டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் (ப்ராசஸருக்குப் போகும் ஒரு பாதையில்) மட்டும் நொடிக்கு 25.6 ஜிபி தள்ளும். வேகமான பிசிஐஇ 4.0 வகை என்விஎம்இ எஸ்எஸ்டிகூட சுமார் 7 ஜிபிதான், அதுவும் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படித்தால். துண்டு துண்டாகப் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் அதிகம். போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எமுலேட்டரையும் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஆப்பிள் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரில் 8 ஜிபியை நிறுத்திவிட்டு 16இலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாவது, விலை. ராம் விலை வருடா வருடம் இறங்கும் என்ற பழைய கணக்கு 2025 கடைசியோடு போய்விட்டது. உலகத்து ராமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில்தான் லாபம் என்று உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. "பிறகு" என்பது எந்த விலையில் வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

தீபன்

நான் இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு பேரும் ஆர்டிஎக்ஸ் 3050ஐ ஒரு பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. மூன்றாம் வருடம் மெஷின் லேர்னிங் வரும். அந்தக் கணக்குகளை கிராபிக்ஸ் கார்டில் ஓட்டும் குடா மென்பொருள் வேண்டுமென்றால் 3050 மாதிரி என்விடியா கார்டு கட்டாயம். கிராபிக்ஸ் கார்டை எந்த எஸ்.பி. ரோடு கடையிலும் பிறகு லேப்டாப்புக்குள் சொருக முடியாது. செந்தில் அண்ணா கேட்ட அதே கேள்விதான், "பிறகு மாற்ற முடியுமா?" அந்த விதிப்படி முதலில் எடுக்க வேண்டியது இதுதானே?

பானுமதி, வைட்ஃபீல்ட்

தீபன், 3050இல் 4 ஜிபி மெமரிதான் இருக்கும், சில மாடல்களில் 6. கூகுளின் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகக் கோடு ஓட்டும் கூகுள் கோலாப்பில் இலவசமாகவே 16 ஜிபி மெமரி உள்ள டி4 கார்டு கிடைக்கிறது. கல்லூரிப் பாடத்துக்கு அது தாராளம். அல்சூரிலிருந்து கெங்கேரி வரை மெட்ரோ பர்ப்பிள் லைனில் நின்றுகொண்டே போகிற பெண், இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் அதற்கேற்ற கனமான சார்ஜரும் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டுமா?

தீபன்

கோலாப் இலவசத்தில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எப்போதும் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை அக்கா. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் கேட்டால் "இப்போது இல்லை" என்று வரும். நடுவில் செஷன் துண்டித்துக்கொள்ளும். சொந்தக் கார்டு சின்னதாக இருந்தாலும் நம்முடையது.

எடை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

கோபாலன், ஜெயநகர்

புதிது எதற்கு? அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப்புகள் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கின்றன. உதாரணத்துக்கு டெல் லாட்டிட்யூட் 5420. 2021 மாடல், 11ஆம் தலைமுறை இன்டெல், இரண்டு ராம் ஸ்லாட். கீபோர்டு, கீல் எல்லாம் உழைக்கிற மாதிரி செய்திருப்பார்கள். 65,000இல் கணிசமாக மிஞ்சும். ஒரு நல்ல மேசை, நாற்காலி, வெளி மானிட்டர்கூட வாங்கலாம். முதல் லேப்டாப் என்றால் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

செந்தில், எஸ்.பி. ரோடு

ஐயா, அந்தப் பொருளை நானும் விற்கிறேன், அதனால் சொல்கிறேன். தெரிந்தவர் கூட வந்து பார்த்து வாங்கினால் நல்ல பொருள்தான். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்த அளவு) ஓர் எண், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் அளவு) ஓர் எண். இரண்டாவது முதலாவதில் பாதியாக இருந்தால் பேட்டரிக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் என்றால் தொடவே கூடாது, விண்டோஸ் 11 அதில் முறையாக ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் முதல் முறை வாங்கும் வீடு, நான்கு வருடப் படிப்பு. கம்பெனி வாரண்டி இருக்கட்டும்.

பானு அம்மாவுக்கு: விலை ஏறியது உண்மை, கடையில் தினமும் பார்க்கிறேன். ஆனால் தளத்தில் 8ஐ 16 ஆக்கக் கேட்கும் தொகையிலும் அந்த ஏற்றம் சேர்ந்துதான் இருக்கிறது. இன்று தள்ளிப்போட்டால் நஷ்டம் என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? முதல் வருடம் சி, பைத்தான். அதற்கு 8 ஜிபி தாராளம். எமுலேட்டர் எல்லாம் வரும்போது போட்டுக்கொள்ளட்டும்.

மகேஷ், அல்சூர்

நிறைய தெரிந்துகொண்டேன், நன்றி. ஒரு சந்தேகம். பக்கத்துக் கடையில் ஏஎம்டி ரைசன் 5 7520யூ ப்ராசஸர், 16 ஜிபி ராம், 55,000க்குள் தருகிறேன் என்கிறார்கள். ராம் பிரச்சினையும் தீரும், மிச்சமும் ஆகும். எடுக்கலாமா?

செந்தில், எஸ்.பி. ரோடு

வேண்டாம். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏஎம்டியின் இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520இல் அது 2, அதாவது ஜென் 2, 2019இல் வந்த கட்டமைப்பு, நான்கு கோர். 7530 என்றால் 3, ஜென் 3, ஆறு கோர். பெயரில் இரண்டுமே ரைசன் 5, முன்னால் இரண்டுமே 7. கடைக்காரர் 7ஐ மட்டும் காட்டிப் புது மாடல் என்பார். 7520யூவில் ராம் எப்போதும் சால்டர்தான். அந்த விலைக்கு 7530யூ கிடைத்தால் வந்து சொல்லுங்கள், பேசலாம்.

பானுமதி, வைட்ஃபீல்ட்

இதில் செந்தில் அண்ணாவோடு முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் மகேஷ், ஐ5-1335யூவில் ஒற்றை 8 ஜிபியோடு நிறுத்தினால் இன்னொன்றும் நடக்கும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தனி மெமரி இல்லாமல் ராமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு சேனலிலும் ராம் இருந்தால் அது வேகமான ஐரிஸ் எக்ஸ்இ. ஒரு சேனல்தான் என்றால் விண்டோஸே அதை வெறும் யுஹெச்டி கிராபிக்ஸ் என்று காட்டும். காசு கொடுத்து வாங்கிய ப்ராசஸரின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கிற வேலை இது. நல்ல திரையை வாங்கி, அதில் ஓடுவது திணறினால் என்ன பயன்?

நான் தினமும் ஒன்பது மணி நேரம் திரை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோடு எழுதுகிறவருக்கு நிறத்துல்லியம் அவசியமே இல்லை. காத்திருக்க வைக்காத மெஷின் அவசியம். படிக்கும்போது அது நின்று நின்று ஓடினால், தப்பு தன்மேல்தான் என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

செந்தில், எஸ்.பி. ரோடு

நிறத்தை விடுங்கள் அம்மா, வெளிச்சத்தைச் சொல்லுங்கள். வகுப்பில் பக்கவாட்டு ஜன்னல், தலைக்கு மேல் டியூப்லைட். 250 நிட்ஸில் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டுத் தலைவலி என்று உட்காரும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். எத்தனை ராம் போட்டாலும் அது தீராது.

தம்பி, சண்டையை எங்களிடம் விடுங்கள். மாடல் எண்ணைப் போட்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டை இறக்கிப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் இல்லாதது அதில் இருக்கும். ராம் ஸ்லாட் உண்டா, எத்தனை, டிடிஆர்4ஆ 5ஆ என்று பாருங்கள். ஸ்லாட் இல்லையென்றால் பானு அம்மா சொல்வதுதான் சரி, 16ஐ எடுத்துவிடுங்கள், நானே சொல்வேன்.

கோபாலன், ஜெயநகர்

அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

மகேஷ், அல்சூர்

கையேடு கிடைத்துவிட்டது. 8 ஜிபி டிடிஆர்4 போர்டில் சால்டர், கூடவே ஒரு ஸ்லாட் காலி. 16 ஆக்கினால் அந்த ஸ்லாட்டில் இன்னொரு 8ஐப் போட்டு அனுப்புகிறார்கள். தங்கையை இன்று ஷோரூமுக்குக் கூட்டிப்போய் இரண்டு வகைத் திரையையும் காட்டினேன். அவளே எழுதட்டும்.

ரம்யா (மகேஷின் தங்கை, அவர் கணக்கிலிருந்து)

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். எல்லாப் பதிவையும் படித்தேன்.

ஷோரூம் வாசல் பக்கம் வெளிச்சம் விழும் இடத்தில் இரண்டு லேப்டாப்பையும் வைக்கச் சொல்லி, வெள்ளைப் பின்னணியில் சின்ன எழுத்தில் ஒரு பிடிஎஃப் திறந்து படித்தேன். 250 நிட்ஸ் திரையில் வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றிய பிறகும் கீழே குனிந்துதான் படிக்க முடிந்தது. மற்றதில் சிரமமில்லை. நான் கண்ணாடி போடுகிறேன், அதனால் எனக்கு இது பெரிய விஷயம். திரையை எடுக்கிறேன், 8 ஜிபியோடு.

பானு அக்கா, நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஸ்லாட் இருப்பதால்தான் இந்த முடிவு. டியூஷன் எடுத்துச் சேர்க்கிற பணத்தில் முதலில் வாங்குவது 8 ஜிபி ராம்தான்.

பானுமதி, வைட்ஃபீல்ட்

நான் இருந்தால் 16தான் எடுப்பேன், இன்னும் அதையேதான் சொல்வேன். ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், சந்தோஷம். ஒன்று மட்டும், ராமை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளாதே. டிடிஆர்4 உற்பத்தியைப் பெரிய கம்பெனிகள் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கையில் பணம் சேர்ந்ததும் வாங்கிவிடு. டிடிஆர்4, எஸ்ஓடிம் (லேப்டாப்புக்கான சின்ன ராம்), 3200 என்று கேள். டிடிஆர்5ஐத் தவறுதலாக வாங்கிவிடாதே, ராமின் விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் பொருந்தாது.

செந்தில், எஸ்.பி. ரோடு

வாங்கியதும் எடுத்துக்கொண்டு வாம்மா, சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். மாட்டித் தர நான் காசு வாங்க மாட்டேன். அதற்கு முன்னால் மூடியைத் திறந்தால் வாரண்டிக்கு என்ன ஆகும் என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள். பெட்டி வந்த அன்றே டாஸ்க் மேனேஜரில் ராம் அளவைப் பார், ஆர்டரில் போட்ட திரைதானா என்று மாடல் எண்ணை ஒப்பிடு. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடு.

தீபன்

ரம்யா, மூன்றாம் வருடத்தில் கோலாப் நின்றுபோகிற ராத்திரி எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். என் மெஷினில் ஓட்டித் தருகிறேன்.