ஹைட்ரோஸ் டிரம் தானாகவே சூடேறியது: எப்படி வைக்க வேண்டும், சட்டப்படி யார் பொறுப்பு?

கேள்வி: ஸ்டோர் பொறுப்பாளர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். சாயப்பட்டறை ஒன்றில் மூன்று மாதங்களாகக் கெமிக்கல் ஸ்டோரைக் கவனித்து வருகிறேன். சென்ற வாரம் இரவு பெய்த மழையில் கூரை ஒழுகி, சாயமேற்றப் பயன்படும் ஹைட்ரோஸ் தூள் இருந்த, மூடி சரியாகப் போடாமல் விட்டிருந்த ஒரு டிரம்முக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் தீக்குச்சி உரசியதுபோன்ற நெடி மூக்கில் ஏறியது. டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் தெரிந்தது. மேற்பார்வையாளர் மணலைக் கொட்டி மூடச் சொன்னார். மூடிய பிறகும் மணலுக்கு அடியிலிருந்து வெண்புகை வந்துகொண்டே இருந்தது. டிரம்மில் கால்வாசிச் சரக்குதான் இருந்தது என்பதால், ஒரு மணி நேரம் புகைந்து தானாக அடங்கியது. பத்தடி தூரத்தில் துணி வெளுக்கும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேன்கள் அடுக்கப்பட்டிருந்தன என்பதை நினைத்தால் இன்னும் பதறுகிறது.

மணல் போட்டது சரியா? சரக்கை எப்படிப் பிரித்து வைப்பது? பாதி டிரம்களில் லேபிளே இல்லை. "நாம் கெமிக்கல் தயாரிக்கவில்லை, வாங்கிப் பயன்படுத்துகிறோம், அந்தச் சட்டமெல்லாம் நமக்கில்லை" என்கிறார் முதலாளி. அது உண்மையா?

பதில்: தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

மணல் போட்டது தவறு. ஹைட்ரோஸ் என்று நாம் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட் சூடேறிச் சிதைவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. ஈரம் பட்டதும் அது சிதையத் தொடங்குகிறது, அந்தச் சிதைவில் எழும் சூடு பக்கத்திலுள்ள தூளையும் சிதைக்கிறது, இப்படியே டிரம் முழுவதும் பரவுகிறது என்பதால், காற்றை அடைத்து அதை நிறுத்த முடியாது. அபாயகரமான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில், தானாகத் தீப்பற்றும் பொருள்களுக்கான 4.2 பிரிவில், 1384 என்ற எண்ணில் அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் அதைத் தூண்டிவிடும். வெள்ளமாகப் பாய்ச்சும் தண்ணீர் மட்டுமே சூட்டை இழுத்துக்கொண்டு சிதைவை நிறுத்தும். எனவே ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடுவது எல்லாவற்றிலும் மோசமான செயல்.

நீங்கள் முகர்ந்தது கந்தக டைஆக்சைடு. அது கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகும். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துணியை நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது. ஆட்களைக் காற்று வரும் திசைப்பக்கமாக வெளியேற்றிவிட்டு, 101 அல்லது 112 எண்ணுக்கு அழைத்து, எரிவது என்ன சரக்கு, எத்தனை டிரம், பக்கத்தில் பெராக்சைடு இருக்கிறதா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மூச்சுக் கருவியோடு வருகிறவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பதில்: டையிங் மாஸ்டர், ஈரோடு

கூரை ஒழுகுவது ஆண்டுக்குச் சில நாள்தான், ஈர மக் தினமும் உள்ளே போகிறது. சாயத் தொட்டியில் முக்கியெடுத்த அதே மக்கை உதறிவிட்டு ஹைட்ரோஸ் அள்ளுவதை நிறுத்தினாலே பாதி ஆபத்து போய்விடும். ஒவ்வொரு டிரம்முக்கும் தனி உலர்ந்த கரண்டி வையுங்கள். அள்ளியவுடன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையை முறுக்கிக் கட்டி, பிறகு மூடியைப் போடுங்கள். டிரம்களைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள்.

பெராக்சைடை வேறொரு அறைக்கே மாற்ற வேண்டும், ஒரே அறையில் தூரமாக வைத்தால் போதாது. ஒன்று ஆக்சிஜனைத் தரும் பொருள், மற்றது ஆக்சிஜனை இழுக்கும் பொருள். பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப் போகும் துளை இருக்கும், ஒழுகுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறிக் கேன் வெடிக்கும். வெளியே ஊற்றியதில் மிச்சமானதைத் திரும்பக் கேனில் ஊற்றவும் கூடாது, அதில் ஒட்டிய துருவோ காஸ்டிக் சோடாவோ மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

பதில்: தொழிலகப் பாதுகாப்பு அலுவலர், கோயம்புத்தூர்

முதலாளி சொல்வது சரியல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த அபாயகரமான வேதிப்பொருள் விதிகள், தயாரிப்பவரோடு நிறுத்திக்கொள்ளாமல், அத்தகைய பொருளைக் கையாளும் தொழிலகத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையும் சேர்த்தே பேசுகின்றன. 17ஆவது விதிப்படி பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது நாம் எம்எஸ்டிஎஸ் என்று சொல்வது, கைவசம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கொள்கலனிலும் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், அதன் தன்மைகளும் நச்சுத்தன்மையும் என்ன என்பது தெரிய வேண்டும். போபால் விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, பொருள்களைப் பயன்படுத்துவதிலும் சேமிப்பதிலும் ஆபத்தில்லாத ஏற்பாட்டைச் செய்வதைத் தொழிற்சாலையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் கடமையாக்கியது. தம் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு 111ஏ பிரிவு தந்தது. அந்த உரிமை பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. சரக்கு விற்றவரிடம் எழுத்துமூலம் தரவுத் தாளைக் கேளுங்கள், தமிழில் சுருக்கி ஸ்டோர் கதவில் ஒட்டுங்கள்.

மறுமொழி: ஸ்டோர் பொறுப்பாளர், திருப்பூர்

மிக்க நன்றி ஐயா, நன்றி மாஸ்டர். பெராக்சைடை இன்றே பின்பக்க அறைக்கு மாற்றிவிட்டோம். லேபிள் இல்லாத காலி பேரல்களைச் சிலர் வீட்டில் தண்ணீர் பிடிக்க வாங்கிப்போகிறார்கள். அதையும் தடுக்க வேண்டுமா?

பதில்: தொழிலகப் பாதுகாப்பு அலுவலர், கோயம்புத்தூர்

கட்டாயம் தடுக்க வேண்டும். வேதிப்பொருள் ஒட்டிய காலிப் பேரல், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவருக்கு மட்டுமே அதைக் கொடுக்கலாம், பொதுவாக 90 நாள்களுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஏற்கெனவே வாங்கிப்போனவர்கள் யார் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இன்று மாலையே போய்ச் சொல்லித் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.